சீனக்குடாவில் வெள்ளிக்கிழமைகளில் வெடித்த செங்கல்

திருகோணமலை என்றால் கோணேசர் கோயில், வெந்நீர்க் கிணறு, நிலாவெளி என்று எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் முதல்முதல் அங்கே போனது உடைந்த போல்ட்டு பார்க்க. எழுபதுகளின் நடுப்பகுதி, ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். கொழும்பில் பொயிலர் பரிசோதிக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. வயது இருபத்தேழு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் அதே அளவு இருந்தது.

சீனக்குடாவில், துறைமுகத்தின் உள்வளைவில், கப்பல் உதிரிகள் திருத்தும் ஒரு பட்டறை. அங்கே விறகில் எரியும் பழைய பொயிலரின் அடுப்புவாய் ஐந்து மாதத்தில் நாலாம் முறையாக இடிந்திருந்தது. கடைசித் தடவை இரும்புச் சட்டம் விழுந்து, விறகு போடுகிற லத்தீப் நானாவின் கால்விரல்களை நசுக்கிவிட்டது. அவர் விறகை எறிந்து கல்லை உடைக்கிறார் என்பது மனேச்சரின் முடிவு. திங்கட்கிழமை விசாரணை. என் அறிக்கை எதிராக வந்தால் பதினாறு வருஷ வேலை போய்விடும்.

கொழும்புக் கோட்டையில் ஏறிய இரவு மெயில் ரயிலில் மூன்றாம் வகுப்பு, ஒன்பது ரூபாய் சொச்சம். கண் விழித்தபோது கந்தளாய் தாண்டி, தம்பலகாமத்து வயல்களுக்கு மேல் பனி முழங்கால் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பனிக்கு மேலே கொக்குகளின் தலை மட்டும். நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேனா என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தது. ஆறே முக்காலுக்குச் சீனக்குடா. நிலையத்திலிருந்து பட்டறைக்கு ஒரு மைல் நடை. இடப்பக்கம் குடா, அலை என்ற சொல்லே தெரியாத தண்ணீர்.

பட்டறைப் போர்மன் கனகு அண்ணை வாசலில் நின்றார். வெள்ளை மீசை, வாய் ஓயாத மனிதர். "வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டு நெருப்பைப் பாப்பம், அது எங்கையும் ஓடாது," என்றார்.

அடுப்புவாயைப் புதிதாகக் கட்டி மறுபடி எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வியாழன் முழுவதும் கழற்றிப் போட்ட பழைய சாமான்களைப் பார்த்தேன். அடுப்புவாயைச் சுற்றி சூடு தாங்கும் செங்கல் கட்டு. அதைப் பிடித்து நிற்பது எட்டு போல்ட்டில் பூட்டிய இரும்புச் சட்டம். விறகு பட்டு உடைந்த கல் என்றால் முனை நொறுங்கியிருக்கும். இதுவோ வெட்டிய பாண் ரொட்டித் துண்டு மாதிரி தட்டுத் தட்டாகக் கழன்றிருந்தது. கல் கழன்றபின் நெருப்பு நேரே போல்ட்டைத் தின்றிருக்கிறது. கழுத்து மெலிந்து, கடைசியில் அறுந்துவிட்டது. அத்தனையும் இடப்பக்கக் கீழ்மூலையில் மட்டும். உள்ளே இருந்த கல்லுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்ன கோதாரி இது என்று தலையைச் சொறிந்தேன்.

பின்னேரம் பொயிலர் பதிவுக் கொப்பியைப் புரட்டினேன். நாலு தடவையும் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் இடிந்திருக்கிறது. நாலு தடவையும் அடுப்பு வாசலில் நின்றவர் லத்தீப் நானா. மனேச்சர் விரலால் அந்த வரியைத் தட்டினார். "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் பட்டது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் வெள்ளி. லத்தீப் நானா காலில் கட்டோடு வீட்டில். மற்ற வெள்ளிகளிலும் பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவாராம். ஒன்றே முக்கால் வரை கனகண்ணைதான் அடுப்பைப் பார்ப்பது. பன்னிரண்டரைக்கு வேலையாட்கள் அடுப்புக்கு வெள்ளிப் பூசை வைக்கக் கைகால் கழுவி வந்தார்கள். கனகண்ணை அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே மஞ்சளுமில்லாத வெள்ளையுமில்லாத ஒரு நிறம். கற்பூரம், சாம்பிராணி, வெளியே கச்சானில் ஆடும் தென்னைகள். வெக்கையில் குடாவும் கூரையும் ஆட்களும் எல்லாமே மெல்ல நெளிந்தன. எனக்குக் கண் சொருகியது, சத்தியமாக.

முன்னால் நிற்கச் சூடு விடாது. ஆகவே கனகண்ணை இடப்பக்கம் ஒதுங்கி நின்று, சட்டத்தின் கீழ்மூலையில் ஒவ்வொரு தேங்காயாக அடித்தார். தண்ணீர் கல்லில் விழுந்து சுர்ரென்றது.

"எத்தனை தேங்காய் அண்ணை?"

"பதினொண்டு. அஞ்சாறு மாதத்துக்கு முதல் பூசை துவங்கேக்க ஒண்டுதான் தம்பி உடைச்சனாங்கள். கல்லு வெடிச்சுது. கண்ணூறெண்டு மூண்டாக்கினம். பிறகும் வெடிச்சுது. ஏழாக்கினம். இப்ப பதினொண்டு. கடைசித் தேங்காய் உங்களுக்கு, கொழும்பிலயிருந்து வந்த ஆள், நீங்கள் உடையுங்கோ."

எனக்கோ ஒரே பெருமை. ஓங்கி அடித்தேன். தண்ணீர் சீறியது. பிறகு, ஆவி அடங்கும்போது, கல்லுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம், 'டிக்'. ஒரு தட்டுக் கல் கழன்று என் சப்பாத்துக் காலுக்கு முன்னால் விழுந்தது.

யாரோ தந்த தேங்காய்த் துண்டு வாயில் இருக்க அப்படியே நின்றேன். லத்தீப் நானா ஏழு மைலுக்கு அப்பால் கட்டிலில் கிடக்கிறார். கல்லை உடைத்தது நான். பழுக்கச் சூடேறிய கல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பது முதலாம் வருஷப் பாடம். அதைப் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணிய மடையன் நான்தான் ஓங்கி அடித்தேன்.

கனகண்ணையைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கொப்பியில் இருந்த நாலு வெள்ளிகளையும் காட்டினேன். விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அப்ப நானாவின்ர காலை நசுக்கினது நான்தானோ?" நான் கொப்பியை மூடினேன். "நாளைக்கு அவரிட்டப் போவம் தம்பி. நானே சொல்லவேணும்," என்றார்.

சனி காலை எட்டரைக்கு பஸ், அறுபது சதம், கிண்ணியாத் துறை வரை ஏழு மைல். அங்கிருந்து தோணி. இறங்கியதும் வாடகைச் சைக்கிள் எடுத்து, கனகண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்கு ஒன்றரை மைல். களப்பு வெயிலில் கண்ணை மூடிக் கிடந்தது. வலை உலர்த்துகிறவர்கள்கூட நித்திரையில் நடப்பவர்கள் போலத்தான் தெரிந்தார்கள்.

லத்தீப் நானா கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். கனகண்ணை உட்காரவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். தேங்காய், தண்ணீர், கல், போல்ட்டு. கடைசியில் நானா, "தெரியும் கனகண்ண," என்றார்.

"என்ன, தெரியுமோ?"

"பள்ளிவாசலால வந்து பாத்தா அடுப்பு வாசல்ல ஈரம். தேங்காத் தண்ணி கருகின மணம். ரெண்டாம் தரமே விளங்கிட்டு."

"அப்ப ஏன் நானா வாயைத் திறக்கேல்லை? வேலையெல்லோ போகப் போகுது!"

"நான் சொன்னா அது கல்லுக் கதையாவா நிக்கும்? பூசைய நிப்பாட்டச் சொல்லி லத்தீப் சொன்னான் எண்டு ஊரெல்லாம் போகும். வேலை போனா இன்னொரு வேலை வரும். அந்தக் கதை போனா, திருப்பி எடுக்க ஏலாது."

தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது, திருகோணமலை நகரிலிருந்து பஸ்ஸில் நேரே போகலாம். ரயிலில் வருபவர்கள் நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். தம்பலகாமம் வருமுன் எழும்பிவிடுங்கள், பனியை விட்டுவிடாதீர்கள். ஆடியில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். என்னைப் போல உடைந்த சாமான் பார்க்கப் போகிறவர்கள், பேசுகிறவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பாலம் வந்தது நல்லதுதான். ஆனால் தோணியில் போன அந்தக் கால் மணித்தியாலம் எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பும் தோணியில் அறிக்கையின் கடைசி வரியை கனகண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். 'சூடேறிய கல்லில் குளிர்ந்த நீர் பட்டதே காரணம். அடுப்புக்காரர் மீது தவறில்லை.' யார் ஊற்றிய நீர் என்று எழுதவில்லை. நல்ல கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரெண்டு இல்லையே தம்பி?"

"தேவையில்லை அண்ணை."

"தேவை. பேர் இல்லாட்டி அந்தத் தண்ணியையும் நானாவின்ர தலையிலதான் ஊத்துவாங்கள். என்ர பேரைப் போடுங்கோ. தகப்பன் பேரோட, முழுசா."

முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். தோணி ஆடியதில் எழுத்து கோணிப்போனது. அவர் கிட்டக் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துச் சரி பார்த்தார்.