நான்கு மணி நேரத்துக்கு ஒன்று

சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்டாக இருந்த காலத்தில் சட்டம் என்றால் எனக்கு ஒரு நோட்டுதான். தூக்க மாத்திரை, போதை தரக்கூடிய சில வலி மாத்திரைகள் இதையெல்லாம் யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எத்தனை கொடுத்தோம் என்று அதில் எழுத வேண்டும். மருந்து இன்ஸ்பெக்டர் எப்போது வந்து கேட்பார் என்று தெரியாது. இருமலே இல்லாமல் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களை நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். "சீட்டு எங்க?" என்றால் பாதிப் பேர் அப்படியே நழுவிவிடுவார்கள். மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், நானும் லேசில் விடமாட்டேன். "கொஞ்சம் விட்டுப் புடிப்பா" என்று முதலாளியே சொல்வார். கேட்டதில்லை. எனக்கு அதில் பெருமை. தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

2008-இல் என் அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. அவள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தாள். அவள் கணவர், என் மாமா, அங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். அக்கம்பக்கத்தில் யாருக்கு ஜுரம் என்றாலும், "இருங்க, என் தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்திர போடுங்க" என்பாள். பெரிய டாக்டர் எழுதியதைக்கூட எனக்குப் போனில் படித்துக் காட்டிவிட்டுத்தான் விழுங்குவாள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அவளால் பஸ்ஸில் உட்கார முடியாது என்று, ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் அவளுக்கு வைத்தியம் பார்த்த பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதினார்கள். அபினியிலிருந்து எடுப்பது, போதைப்பொருள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அனுமதி வாங்கிய இடத்தில் மட்டும்தான் கிடைக்கும். இத்தனை வருடத் தொழிலில் நான் அதைக் கையால் தொட்டதே இல்லை. பதினைந்து நாளைக்குத் தொண்ணூறு மாத்திரை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று போட வேண்டும், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார் நர்ஸம்மா.

திரும்பும்போது செக்போஸ்டில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். பாண்டியிலிருந்து யார் மது பாட்டில் கடத்துகிறார்கள் என்று பார்ப்பது அங்கே தினப்படி நடப்பது. என் பையைத் திறந்து மாத்திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "யாருக்கு?" "அக்காவுக்கு சார்." அவ்வளவுதான், பின் சீட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும் கடலூர் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அந்தப் பயத்தோடுதான் வீட்டுக்குள் போனேன். "மாமா, இது சாதா மாத்திர இல்ல. ஆறு வேளையும் குடுத்தா பழக்கமாயிடும், அப்புறம் விடாது. காலையில பாதி, சாயந்தரம் பாதி, போதும்" என்றேன். "அவுங்க நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குடுக்கச் சொன்னாங்களே" என்றார் மாமா. "அவுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதா?"

அந்தப் பதினைந்து நாளும் அக்கா துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மாமா மனசு கேட்காமல் மாத்திரையை எடுத்தால், "தம்பி சொன்ன நேரம் ஆவல, வேணாம்" என்று இவளே தடுப்பாள். என் பேச்சுக்கு இருந்த மரியாதையைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுபடி பாண்டிச்சேரி போனோம். நர்ஸம்மா எண்ணினார். எழுபத்தைந்து மிச்சம். "ஏன்?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் பார்மசிஸ்ட் என்று ஆரம்பித்து, அடிமையாவது பற்றி அவருக்கே விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதக் கண்டவங்க வித்துடக் கூடாதுன்னுதான் சட்டம். உங்க அக்கா சாப்புடக் கூடாதுன்னு இல்ல" என்றார். "இப்ப அவுங்களுக்கு இது வலிக்கு மருந்து, அவ்வளவுதான். பழக்கமாயிடும், பழக்கமாயிடும்னு சொல்றீங்களே, எத்தன வருஷத்துக்குப் பயப்படுறீங்க?"

கடையில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவன் நான். எந்தெந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

மஞ்சக்குப்பம் வந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழு மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"பாதிதானடா?" என்றாள்.

"இல்லக்கா. முழுசு. நாலு மணி நேரத்துக்கு ஒன்னு. நான் சொன்னது தப்பு."

"நீ படிச்சவன். நீ தப்பா சொல்லுவியா?"

"தப்புதான்க்கா. போலீஸு, இன்ஸ்பெக்டருன்னு பயந்து பயந்தே மருந்தப் பாத்தும் பயந்துட்டேன். அவுங்க மொதல்ல சொன்னதுதான் சரி."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப இந்தப் பதினஞ்சு நாளும் நான் சும்மாதான் தாங்குனனா?"

"ஆமாக்கா" என்றேன்.

மாமா தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.