ஃபிலோ டீச்சரின் மஞ்சள் நட்சத்திரங்கள்

ஃபிலோமினா போய்விட்டாள்.

இன்று காலை அவள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி… அம்மா தூக்கத்துலயே…"

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. ஆனால் எழுபதுகளில் பாம்பூஃப்ளாட் பால்வாடிக்குப் போன யாராவது இதைப் படித்தால், "ஐயோ, நம்ம ஃபிலோ டீச்சரா!" என்று கட்டாயம் கேட்பீர்கள்.

நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே டீச்சர்கள். எனக்கு அப்போது இருபது வயசு. போர்ட் பிளேரில் அப்பாவுக்குக் கிளார்க் வேலை, நான் தினமும் ஃபெரியில் எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போய் வருவேன். ஃபிலோ தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. போட் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்த அண்ணனோடு தீவுக்கு வந்தவள். அம்மா மட்டும் மெயின்லேண்டில்.

பிள்ளைகள் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று எல்லாம் கலந்து. ஃபிலோவின் ஹிந்தி படுமோசம். ஆனாலும் அவள் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்… அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு டிசம்பர். ரிப்பேர் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரவே இல்லை. பஜாரில் மைதா இல்லை, கலர் பேப்பர் இல்லை. அந்தக் கப்பலில்தான் ஃபிலோவின் அம்மாவும் வருவதாக இருந்தது, முதல் முறையாக, மகளோடு கிறிஸ்துமஸ் கொண்டாட.

"இந்த வருஷம் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்ய வேணாம்டி. பேப்பரே இல்லையே" என்றேன்.

"ஏட்டி சரசு, மூங்கில் கெடக்கு. பழைய நியூஸ்பேப்பர் கெடக்கு. மஞ்சப்பொடி இல்லாத வீடா?" என்றாள்.

மூங்கில் குச்சியில் இரண்டு முக்கோணம். ஒன்றின் மேல் இன்னொன்றைத் திருப்பிவைத்து நூலால் கட்டினால் நட்சத்திரம். சோற்றுக் கஞ்சியைத் தடவி அதன்மேல் பேப்பரை ஒட்டினோம். ஃபிலோ ஒரு தட்டில் மஞ்சளைக் கரைத்து வைத்து, "ம்… ஹாத் டாலோ!" என்றாள்.

பிள்ளைகள் உள்ளங்கையை முக்கி முக்கி அப்பின. பேப்பரில் பட்டதைவிடச் சட்டையில் பட்டதுதான் அதிகம்.

மறுநாள் மித்துவின் அம்மா வந்து நின்றார். மித்து எங்களிடம் இருந்த நாலு வயசுப் பெங்காலிக் குட்டி. "டீச்சர்ஜி, யே க்யா கியா? நயா ஃப்ராக் தா!" என்று புது ஃப்ராக்கில் இருந்த மஞ்சள் கறையைக் காட்டினார்.

ஃபிலோ தன் முந்தானையை விரித்துக் காட்டினாள். அதிலும் குட்டிக் குட்டியாய் மஞ்சள் கைகள். "மேரா பீ நயா தா, தீதி" என்றாள். அவள் சேலையும் புதுசுதான்.

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அந்த வாரமே பலகாரமும் செய்தோம். மைதா இல்லாததால் கிறிஸ்துமஸுக்கு வழக்கமாகச் சுடும் கலகலா கிடையாது. வறுத்த அரிசி மாவு, தேங்காய்த் துருவல், ஆறின வெல்லப்பாகு… பிள்ளைகளே உருட்டுகிற உருண்டை. ஒருத்தன் கோலிக்குண்டு சைஸில், ஒருத்தி மாங்காய் சைஸில்.

அப்போதுதான் ஃபிலோவின் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் தந்தி.

"ஃபிலோ… அம்மா…"

"எப்பண்ணே?"

"முந்தாநாளாம். நம்மால வர முடியாதுன்னு தெரியும்லா… அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் மாவும் வெல்லமும். கண்ணைக்கூடத் துடைக்க முடியாமல் அழுதாள். பிள்ளைகள் உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

மித்து மெல்ல எழுந்து வந்தாள். தான் உருட்டியதை ஃபிலோவின் வாயருகே நீட்டினாள். "டீச்சர், மத் ரோ… கா லோ." அழாதே, சாப்பிடு என்கிறாள்.

ஃபிலோ அதை வாங்கிச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே.

"நீ வீட்டுக்குப் போடி, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"போயி? அண்ணன் ஒரு மூலையில அழுவான், நான் ஒரு மூலையில அழுவேன். இதுக உருட்டி முடிக்கட்டும்ட்டி… வீட்டுக்குக் குடுத்தனுப்புதேன்னு சொல்லிருக்கேன்."

அதனதன் உருண்டையைப் பொட்டலமாக, அதனதன் நட்சத்திரத்தோடு கையில் கொடுத்துவிட்டுத்தான் அன்று போனாள்.

துக்க வீடு என்பதால் அவர்கள் வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். அண்ணனும் நாங்களுமாகச் சர்ச்சுக்கு நடந்தோம்.

தெரு திரும்பியதும் ஃபிலோ நின்றுவிட்டாள்.

எங்கள் பிள்ளைகளின் வீட்டு வாசலிலெல்லாம் நட்சத்திரம். கோணலும் மாணலுமாய், மஞ்சள் கைகளோடு. நிலைக்கு மேல் முருகன் படம் மாட்டிய வீட்டில், தெலுங்குக்காரர் வீட்டில்… மித்துவின் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பற்றி என்ன தெரியும்? தீபாவளி மாதிரி நட்சத்திரத்துக்குக் கீழே வரிசையாக அகல் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்.

"யாருட்டி இதுகளுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைடி. அதுங்களே அடம்பிடிச்சுக் கட்ட வெச்சிருக்கும்."

"டீச்சர், தேகோ! மேரா ஸ்டார்!" என்று வாசலில் நின்று குதித்தாள் மித்து. ஃபிலோ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சர்ச் வரைக்கும் இறக்கிவிடவே இல்லை. மித்துவின் அம்மாவும் கூடவே நடந்து வந்தார்.

பிறகு கப்பல் வந்தது. அண்ணன் ஊருக்குப் போனார். ஃபிலோ போகவில்லை. "இப்பப் போயி யாரைப் பாக்க?" என்றாள்.

இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். "அவ டீயில சீனி போடாதட்டி!" என்று பேத்தியை அதட்டினாள். எனக்குச் சுகர் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என் பேர்தான் மறந்துவிட்டது… போகிற வரைக்கும் "ஏட்டி, ஏட்டி" என்றே கூப்பிட்டாள்.

நாளைக் காலை அடக்கம். நான் கிளம்புகிறேன்.

நல்லபடியாகப் போ, ஃபிலோ. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லு.