வளைவுக்குத் தமிழ், நேர்பாதைக்கு மலையாளம்

பாறசாலை சிவபிரசாத்துக்குத் தொழில் இன்சூரன்ஸ். ஆனால் ஊரில் யாரும் அவரை இன்சூரன்ஸ்காரர் என்று சொல்ல மாட்டார்கள். மைக் பிரசாத் என்றால்தான் தெரியும். அவருடைய வீட்டில் முன்னோர்கள் எல்லாம் திருவிதாங்கூர் அரசுக் கச்சேரியில் கணக்கெழுதியவர்கள். பக்கத்து நாற்காலிக்கே கேட்காத குரலில் பேசிப் பழகியவர்கள். அந்தக் குடும்பத்தில் இப்படியொரு தொண்டை எங்கிருந்து வந்து பிறந்தது என்று அம்மா உமையம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை.

அந்தத் தொண்டைக்கு ஏற்ற வேலை தெற்கெல்லை கோப்பை என்ற பைக் பந்தயத்தில்தான் கிடைத்தது. பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் கிருஷ்ணன்குட்டிக்கு ஒரு ரப்பர் தோட்டம் உண்டு. மரம் முறித்து, புது ரப்பர்க் கன்றுகள் வைப்பதற்கு முன் சும்மா கிடந்த அந்த மண்ணில் மழைக்காலத்தில் பையன்கள் பைக் ஓட்டிப் பழகினார்கள். அது வளர்ந்து பந்தயமானது. பந்தயம் வளர்ந்து, சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் எல்லாம் நடக்கும் தொடரானது. கிருஷ்ணன்குட்டியின் மண்ணுக்கு மட்டும் ஒரு விசேஷம். நேர்பாதை கேரளத்தில் கிடந்தது, வளைவு தமிழ்நாட்டில் கிடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பைக் இரண்டு தடவை மாநிலம் தாண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்களே, இங்கே இரண்டு காலும் சேற்றில்தான்.

நேர்பாதை ஓரம் நிற்பவர்கள் மலையாளத்துக்காரர்கள், வளைவில் நிற்பவர்கள் தமிழ்க்காரர்கள். அதனால் சிவபிரசாத் ஒரு முறை வைத்திருந்தார். வண்டி நேர்பாதையில் வந்தால் மலையாளம், வளைவுக்குப் போனால் தமிழ். மூச்சு விடாமல் மாறுவார். நாளடைவில் சேறு தெறித்துக் கண் மறைந்தாலும் சனங்களுக்குக் கவலை இல்லாமல் போயிற்று. தமிழ் கேட்டால் வண்டி வளைவில் இருக்கிறது, மலையாளம் கேட்டால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. வேறு எந்த ஊர்ப் பந்தயத்திலும் இந்த வசதி கிடையாது.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடருக்குப் போன வருஷம் ஒரு ஆசை வந்தது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் சேர்ந்து, கடைசிப் பந்தயத்தை அங்கே வைக்கலாம், தளம் முதல் தங்குமிடம் வரை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கமிட்டி கூடியது. தோட்டக்காரர் கிருஷ்ணன்குட்டி எழுந்ததுமே அடித்துப் பேசினார்.

“சேத்துல நின்னு கைதட்டினவன் விமானம் ஏறி அஞ்ச, ஷார்ஜாவுக்குப் போவானா? நாட்டுப் பந்தயம் நாட்டுலதான் நடக்கணும். வெளியில கொண்டு போனா அது பின்ன நம்ம பந்தயம் இல்ல.”

முந்தின வருஷம் கோப்பையைத் தூக்கிய மனு விடவில்லை. “அண்ணே, இந்தத் தோட்டத்தையே சுத்திச் சுத்தி வந்தா நாங்க எப்பம் ஒரு நல்ல டிராக் காணுவோம்? நம்ம ஊருல பாதி ஆளு அஞ்சதானே உண்டு. அவியளும் நம்ம சனம்தானே?”

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது, வந்த தொல்லையே அதுதான். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. மிச்சம் சிவபிரசாத். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கோ பாதி நியாயம் மனு பக்கம், மீதி முழுக்க ஆசை. அலமாரியில் ஒரு பாஸ்போர்ட் வருஷக்கணக்காக ஒரு முத்திரைகூடப் படாமல் கிடந்தது. கடல் தாண்டிப் போய் மைக் பிடிப்பதை நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. கை தானாக உயர்ந்துவிட்டது.

“எங்க பந்தயத்தைத் தூக்கிக் குடுத்தது நீயாக்கும், பிரசாதே,” என்றார் கிருஷ்ணன்குட்டி.

“ஒண்ணும் எங்கேயும் போகாது அண்ணே. அஞ்ச ஓடுத ஓட்டத்தை ஒனக்க தோட்டத்துல திரை கட்டிக் காட்டுவேன். ஒரு வளைவு விடாம காட்டுவேன். எனக்க பொறுப்பு.”

வாய் கொடுத்தாயிற்று. அடுத்த வாரமே ஷார்ஜாவிலிருந்து சேதி வந்தது. அங்கே இங்கிலீஷில் பேசும் அறிவிப்பாளர் ஏற்பாடாகி இருக்கிறார், ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் வந்தால் போதும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மனைவி ஸ்ரீகலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இஞ்ச இருக்கிய ஆளுவளுக்கு யாரு சொல்லுவா? அதுக்கும் ஒரு வாய் வேணும்லா?”

அதுவும் சரிதான் என்று எழுந்தார். அப்புறம் அவர் பம்பரம்தான். திரை வந்தது, குழாய் ஸ்பீக்கர் வந்தது. எல்லைக்காரர்களுக்கே உரிய ஒரு புத்தி உண்டு: எதையும் ஒரே பக்கம் நம்பக் கூடாது. இந்தப்பக்கம் கரண்ட் போனால் அந்தப்பக்கம் இருக்கும், அந்தப்பக்கம் அரிசி இல்லாவிட்டால் இந்தப்பக்கம் கிடைக்கும். அப்படித்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு. சிவபிரசாத்தும் அதே புத்தியோடு மைக்குக்கும் திரைக்கும் கரண்டைக் கேரளத்து வீட்டிலிருந்து இழுத்தார், இன்டர்நெட்டைத் தமிழ்நாட்டுக் கடையிலிருந்து இழுத்தார். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று நிற்குமே என்று கணக்கு. படம் தெரிய இரண்டுமே வேண்டும் என்பது அந்தக் கெட்டிக்காரர் மண்டையில் ஏறவே இல்லை.

பந்தய நாளன்று அதியன்னூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கோப்பைக்கு மனுவோடு மோதுகிற அஸ்வதி அந்த ஊர்ப் பெண். அவளும் மனுவும் புள்ளியில் சமம். இன்று யார் முன்னே முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. தோட்டம் கொள்ளாத கூட்டம். கிருஷ்ணன்குட்டி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஷார்ஜாவில் கொடி விழுந்தது. திரையில் மணல் பறந்தது. சிவபிரசாத் இரண்டு பாஷையிலும் பிளந்து கட்டினார். மனு முன்னே, அஸ்வதி பின்னே, இடைவெளி சுற்றுக்குச் சுற்று குறைந்தது. கூட்டம் எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று வீசியது. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பலாக்கொம்பு முறிந்து கம்பி மேல் விழுந்தது. கடையில் கரண்ட் போயிற்று, இன்டர்நெட் போயிற்று. திரையில் அஸ்வதி வளைவில் சாய்ந்தபடி அப்படியே உறைந்து நின்றாள்.

மைக் மட்டும் உயிரோடு இருந்தது, மானத்தை வாங்குவதற்கென்றே. “ஒரு வளைவு விடாம காட்டுவேன்னு சொன்னியே,” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கைபேசியில் பார்க்கலாம் என்றால் அவ்வளவு கூட்டத்தில் எல்லோருக்கும் படம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவபிரசாத்துக்கு வேர்த்து ஊற்றியது. ஊரின் பந்தயத்தைத் தூக்கிக் கொடுத்தவன் என்ற பேர் இனி ஆயுசுக்கும் போகாது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சஜன் ஞாபகம் வந்தது. பொழியூர்க்காரன், ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான், இன்றைக்குப் பந்தயத் தளத்தின் கம்பி வேலி ஓரமே நிற்பதாகக் காலையில் சொல்லியிருந்தான். இன்டர்நெட் வேண்டாத சாதாரண அழைப்பில் கூப்பிட்டார். எடுத்தான்.

“மக்கா, காணுததை அப்படியே சொல்லு. வண்டி இப்பம் எஞ்ச நிக்குது?”

“வளைவுக்கு வாறாங்க அண்ணே. மனுதான் முன்னால.”

ஒரு கையில் மைக், ஒரு கையில் போன் என்று அவர் தடுமாறினார். வழிகிற வேர்வையில் போன் நழுவியது. கிருஷ்ணன்குட்டி எழுந்து வந்து அதைப் பிடுங்கி, அவர் காதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சிவபிரசாத் தமிழில் ஆரம்பித்தார். தமிழ் கேட்டதும் தோட்டம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. வளைவு. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மலையாளத்துக்கு மாறினார், கூட்டம் கழுத்தைத் திருப்பியது. உறைந்து கிடந்த திரையை ஒருவரும் பார்க்கவில்லை. வெறும் மண்ணைப் பார்த்து, வராத வண்டிக்காக விசிலடித்தார்கள்.

கடைசிச் சுற்றுக்கு முன் போனில் ஒரு வினோதம் கேட்டது. அவருடைய குரலே அவருக்குத் திரும்பி வந்தது, கூடவே ஒரு பெரும் கூச்சல்.

“எலே சஜா, அஞ்ச என்ன சத்தம்?”

“நிறுத்தாதீங்க அண்ணே. போனை ஸ்பீக்கர்ல போட்டாச்சு. நம்ம ஆளுவ எல்லாம் என்னைச் சுத்தி நிக்காங்க. அந்த இங்கிலீஷை ஒருத்தரும் கேக்கல்ல.”

“கண்ணு முன்னாலதானே ஓடுது. பின்ன எனக்க சத்தத்தை எதுக்குக் கேக்குதியோ?”

“நீங்க சொன்னாத்தான் நம்ம ரேஸ் மாதிரி உண்டு.”

சிவபிரசாத் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளினார். காணாத பந்தயத்தை, அதைக் கண்ணால் காண்கிறவர்களுக்கே சொல்ல வேண்டிய நிலைமை. இப்படி ஒரு கூத்து அவர் குலத்தில் நடந்ததில்லை. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

“வளைவு,” என்றான் சஜன். தமிழ். மனு சேற்றில் எடுக்கிற மாதிரியே அகலமாக எடுத்தான், மணல் அவனை வெளியே இழுத்தது, அஸ்வதி உள்பக்கம் நுழைந்தாள். மலையாளம். “நேரே வருந்நு, ரெண்டு பேரும் ஒப்பத்தினொப்பம்,” என்றார் சிவபிரசாத். ஒருவரை ஒருவர் முந்தாமல், சக்கரத்தோடு சக்கரம். அதற்குமேல் சஜனிடமிருந்து வார்த்தை வரவில்லை, வெறும் அலறல். சிவபிரசாத்தின் வாயும் நின்றது. பிறகு போனுக்குள் ஒரே பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது.

“அஸ்வதி,” என்றார் அவர். அதற்கு இரண்டு பாஷை வேண்டியிருக்கவில்லை.

அதியன்னூர்க்காரர்கள் சேற்றில் விழுந்து புரண்டார்கள். மனுவின் ஆட்களும் கைதட்டத்தான் செய்தார்கள். கிருஷ்ணன்குட்டி போனைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், “கம்பி ஓரம் நிக்குதவன்மாரே, இது எங்க பனச்சமூட்டு ரேஸாக்கும், கேட்டுதா?” என்றார். கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு இரைச்சல் வந்தது. அவர் சிவபிரசாத் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வருஷம் எஞ்சடே வைக்கப் போற?”

‘எங்கே வைத்தாலும்’ என்று தொடங்க சிவபிரசாத் வாயைத் திறந்தார். அதற்குள் கிருஷ்ணன்குட்டி போனை மறுபடி அவர் காதில் வைத்துப் பிடித்தார். அங்கே இன்னும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.