சுவரைப் பார்த்து நிற்கும் மனைவி

அந்த வீடியோ விளையாட்டில் கப்பல் தண்ணீரைத் தொடாது. ஒரு சாண் மேலே அந்தரத்தில் போகும். மீன்கடைக்காரர் இடுப்புவரை மேசைக்குள் புதைந்து நின்றபடி சிரித்த முகமாய் விலை சொல்வார். நாய் பின்பக்கமாக நடக்கும். மழை வந்தால் தெருவில் பெய்யாது, வீட்டுக்குள் பெய்யும். ஒரே தடவையில் ஒன்பது மீனுக்கு மேல் விற்றால் எல்லாம் அப்படியே நின்றுபோய்விடும். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இதை என் கணவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார். பழைய சாமான் கடையில்தான் என்றாலும் காசு காசுதானே.

எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனை பார்க்கிறேன். காலை ஷிஃப்டில், வெள்ளை விளக்குக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்து, கையகல எலக்ட்ரானிக் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கீறல் இருந்தால் ரிஜெக்ட். ஈயம் கொஞ்சம் வழிந்திருந்தால் ரிஜெக்ட். சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். எட்டு வருஷமாக இதே வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருக்காது. பரிமாறிய தட்டில் ஒரு கறை தெரிந்தால் சோறு இறங்காது எனக்கு.

அவர் ஜுருவில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். அங்கே சிவப்புத் தொட்டி கிடையாது. எப்பேர்ப்பட்ட ஓட்டை வண்டி வந்தாலும் ஓட வைத்து அனுப்ப வேண்டும். ஒரு கதவு திறக்கவில்லை என்றால், "மத்த மூணு கதவு தொறக்குதுல்ல" என்று சொல்கிற ஆள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் தாசேக் கெலுகோர் பெண். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். ஜார்ஜ் டவுனில் ஒன்பதாவது மாடியில் இருந்த அவருடைய ஃபிளாட்டுக்கு இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டார். என் அம்மாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்லா" என்பார். திரைச்சீலை என்ன நிறம்? உன் இஷ்டம்லா. தலை தீபாவளிக்கு என்றைக்குக் கிளம்பலாம்? உன் இஷ்டம்லா. கேள்விப்படுகிறவர்களுக்குத் தங்கமான புருஷன். கூட இருக்கிறவளுக்கோ, ஆளில்லாத வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு பொட்டலம் வாங்கி வருவார். ஒரு நாள் வடையும் காயும் நறுக்கிப் போட்டு இனிப்புக் குழம்பு ஊற்றிய பசம்பூர், ஒரு நாள் அப்பம். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருப்பேன். அவர் எனக்குப் பின்னால் மேசைமேல் அதை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் குளிக்கப் போய்விடுவார். "ஆக்கி வெச்சிருக்கேன், இது எதுக்கு?" என்று நான் முணுமுணுப்பேன். ஐஸ்பெட்டியில் இடமே இல்லாமல் போனது. குளித்துவிட்டு வந்து அந்தப் பாழாய்ப்போன விளையாட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதனிடம் மட்டும் பேச்சு நன்றாக வரும். "வாங்கண்ணே, மேசையவிட்டு வெளிய வாங்கண்ணே" என்று மீன்கடைக்காரரைக் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

அந்த நேரத்தில்தான் தெற்குக் கோடியில் இருக்கிற ஜொகூரில் எங்கள் கம்பெனி திறந்த புதுக் கிளைக்கு ஆள் கேட்டார்கள். இரண்டு வருஷம். சம்பளம் அதேதான், பதவி உயர்வும் கிடையாது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப மரியாதையான ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு, "உன் இஷ்டம்லா" என்றார். நான் எழுந்துபோய்க் குளியலறையில் அழுதேன். போகிறேனா இல்லையா என்று உறுதி சொல்லும் பாரத்தை, அந்த அச்சடித்த படிவத்தை, ஒரு திங்கட்கிழமை கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை ஆயுத பூசை வந்தது. அவர் பட்டறையில் பூசை. வீட்டுப் பூசை என் பொறுப்பு. மனம் எப்படி இருந்தாலும் செய்கிற வேலையில் குறை வைக்க எனக்கு வராது. துணி தைக்கிற இயந்திரம், அரிவாள்மனை, மிக்ஸி, அவருடைய ஸ்பானர் பெட்டி, கணினி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியாக விளையாட்டுப் பெட்டி. பெட்டிக்கு மட்டும் வைத்து என்ன பிரயோசனம், விளையாட்டு இருப்பது டிஸ்க்கில்தானே என்று தோன்றியது. டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கப் படம். அதன்மேல் பொட்டு வைத்தால் எடுபடாது. மறுபக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று வெறுமையாக இருந்தது. அதில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமத்தையும் அழுத்தி வைத்துவிட்டுக் கும்பிட்டேன். உறை போடாத கையால் போர்டைத் தொட்ட பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னவள் நான். சாமி காரியம் என்று வந்ததும் அந்த மூளை எங்கே போனதோ.

பூசையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அவர் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டார். கரகரவென்று மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். டிஸ்க்கை வெளியே எடுத்தார். சந்தனம் வட்டமாய் இழுபட்டு, நடுவில் சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்காவது கோபப்படட்டும், ஒரு வார்த்தை திட்டட்டும் என்று நான் உண்மையிலேயே ஆசையோடு காத்திருந்தேன்.

அவர் சிரித்தார். தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கார்லகூட வெளியதானே பொட்டு வைப்போம். எஞ்சினுக்குள்ள யாராச்சும் சந்தனத்த ஊத்துவாங்களா?"

ஒன்பது மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அது. டிஸ்க்கைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். ஓடுகிறதா என்று பார்க்க, குற்றம் செய்தவளாய் நானும் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடியது. ஆனால் என் புண்ணியத்தில் புதிதாக ஒரு கோளாறு சேர்ந்திருந்தது. கப்பலின் சங்கு ஊத ஆரம்பித்தால் நிற்கவே இல்லை.

"பரவால்லலா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

விளையாட்டில் அவருக்குத் துறைமுகத்தை ஒட்டி ஒரு வீடு இருந்தது. கதவைத் திறந்தார். அடுக்களைத் தரை முழுக்க மீன். கால் வைக்க இடமில்லை. அந்த மீன்களுக்கு நடுவில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

"யாரு இவ?"

"பொண்டாட்டி."

"ஏன் சுவத்தப் பாத்து நிக்கிறா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து இப்படித்தான். கேம்ல கோளாறு. என்ன கேட்டாலும் இன்னைக்கு மழை வரும்னு மட்டும் சொல்லுவா."

"இவ்வளவு மீனு எதுக்கு?"

"பின்னால ஒரு மீனப் போட்டா ஒரு தடவ திரும்பிப் பாப்பா. அப்புறம் மறுபடியும் சுவரு."

"வித்திருந்தா பெரிய கப்பலே வாங்கியிருக்கலாமே!"

"கப்பல் கெடக்குது. திரும்பிப் பாக்கட்டும்னுதான்."

போட்டும் காட்டினார். மீன் விழுந்தது. அந்தப் பெண் சடக்கென்று திரும்பி, மாறுகண்ணால் எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் எனக்கு ஐஸ்பெட்டி நினைவுக்கு வந்தது. தினமும் என் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்ட பொட்டலங்கள். நான் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா? அதற்காக அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். மனுஷனுக்கு வாய் எதற்கு இருக்கிறது?

சனிக்கிழமை மதியம் நானே பெட்டியைப் போட்டேன். ஒரு கோளாறைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. அந்தப் பெண்ணைத் திருப்பாமல் விடுவதில்லை என்று ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். நாற்காலியை எடுத்தாயிற்று, திரும்பவில்லை. அடுப்பை நகர்த்தியாயிற்று, திரும்பவில்லை. அவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தால் நாற்காலி, அடுப்பு, அந்த விளையாட்டுப் புருஷனின் சட்டை மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினார்.

"ஒன்னொன்னா மாத்துங்க! எல்லாத்தையும் மாத்துனா எதுனால திரும்புனான்னு எப்படித் தெரியும்?"

"திரும்புனா போதாதா? எதுனாலன்னு தெரிஞ்சி என்ன பண்ணப் போற?"

"ரிப்போர்ட் எழுதுவேன்!"

"யாருக்கு?"

"யாருக்கோ! பட்டறையிலயும் இப்படித்தான் கார் ரிப்பேர் பண்றீங்களா?"

"என் ரிப்பேரப் பத்திப் பேசாத நீ!"

அவர் குரல் உயர்ந்தது. என்னுடையது அதற்கு மேல். பக்கத்து வீட்டு அக்கா கிரில் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "என்னா தங்கச்சி, சண்டையா?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்று நான் சொன்னேன். என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் முதல் சண்டை அது.

அந்தப் பெண் கடைசிவரை நிரந்தரமாகத் திரும்பவில்லை. நோட்டில் நாலு பக்கம் நிறைந்ததுதான் மிச்சம். ஆனால் அத்தனை நேரம் உற்றுப் பார்த்ததில் வேறு சிலதும் கண்ணில் பட்டது. அந்த விளையாட்டில் ஒரு மீன் மாதிரி இன்னொரு மீன் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் செதில் வேறு, வால் வேறு. விடியற்காலையில் அந்தக் கடல்மேல் விழுகிற வெளிச்சம், எங்கள் ஃபேக்டரி பஸ் கடல் பாலத்தில் ஏறும்போது நான் தினமும் பார்க்கிற அதே வெளிச்சம். செய்தவர்கள் எல்லா நேரத்தையும் மீனுக்கும் வெளிச்சத்துக்கும் செலவழித்துவிட்டு, மனிதர்களுக்கு வரும்போது நேரமில்லாமல் தவித்திருக்கிறார்கள் போல. என் மேசைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன். ஆனாலும் எனக்கு அது பிடித்துப்போனது. பிடித்ததற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "நாளைக்குக் குடுக்கணும்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். "உன் இஷ்டம்னு சொன்னீங்க, இந்த டிஸ்க்க பால்கனியிலேருந்து வீசிருவேன்" என்றேன். சொன்னபடி செய்திருப்பேன்.

பாரத்தைக் கையில் எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்ல எல்லாமே அப்பா சொல்றதுதான். எங்கம்மாவுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் ஒரு தடவகூட கேட்டதில்ல. எனக்குன்னு ஒருத்தி வந்தா எதுலயும் அடக்கக் கூடாதுன்னு நெனச்சிருந்தேன்."

"அடக்க வேணாம். நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு நான் கேட்டா, அத சொல்லணும்ல?"

"சொன்னா நீ எனக்காக இருந்துருவ."

"இருப்பேனா மாட்டேனான்னு நான் பாத்துக்கிறேன். சொல்லுங்க."

"போகாத." என்றார். "போய்த்தான் ஆகணும்னா நானே பஸ் ஸ்டேஷன்ல ஏத்தி விடுறேன்லா. ஆனா என்னைக் கேட்டா, போகாத. காலையில நீ ஃபேக்டரி பஸ் ஏறுறத மேலேருந்து பாத்துட்டுத்தான் தெனமும் நான் கெளம்புறேன். உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். ஒன்பது மாதமாக எனக்குத் தெரியாது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இதைச் சொல்ல ஒன்பது மாதமா என்று நன்றாகத் திட்டினேன். அவரும் பதிலுக்கு, "நீயும் கேக்கலையே" என்றார். பாரத்தில் நான் எதுவும் எழுதவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், வழக்கம்போல் கீழே பஸ்ஸுக்கு நின்றேன். தலையை நிமிர்த்தி மாடிகளை எண்ணினேன். ஒன்பதாவதில், இடுப்பில் துண்டோடு, கையில் காப்பிக் குவளையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் கையை ஆட்டினேன். காப்பி சிந்துவதைக்கூடக் கவனிக்காமல் அவரும் ஆட்டினார்.

பஸ் வந்தது. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பாரத்தை மடியில் விரித்து, 'போகவில்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பஸ் குலுங்கியதில் கோடு கோணலாகப் போய்விட்டது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.