கடனை உரக்கச் சொன்னவர்

மருதனார்மடத்து வங்கியொன்றின் வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை நின்றார். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட சேலை. வாய் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் கடன் என்ற சொல்லைக் கவுண்டரில் குனிந்து, காதோடு காதாகத்தான் சொல்வார்கள். அவர் நிமிர்ந்து நின்று, வரிசை முழுவதற்கும் கேட்கச் சொன்னார்.

"தங்கச்சி, ஒன்லைன் கொம்பனியொண்டிட்டைக் கடன் எடுத்தனான். சம்பளம் விழுந்தவுடனை என்ரை கார்ட்டிலையிருந்து அவை தாங்களாய்க் காசை எடுக்கினம். பஸ்ஸுக்கும் மிஞ்சுறேல்லை. அதை நிப்பாட்டுங்கோ."

"ரீச்சர், அதுக்கு நீங்கள் அந்தக் கொம்பனியோடையெல்லோ கதைக்கவேணும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கதைச்சிட்டன், அவை கேக்கேல்லை. கடன் இல்லையெண்டு நான் சொல்லேல்லை, மாசாமாசம் நானே கட்டுவன். ஆனால் கணக்கு என்ரை. எடுக்கலாமெண்டு சொன்னதும் நான்தான், இனி எடுக்கக்கூடாதெண்டு சொல்லுறதும் நான்தான். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். வாங்கினதெண்டு கையெழுத்து வையுங்கோ."

அந்தப் பெண் உள்ளே போய் முகாமையாளரிடம் கேட்டுவந்து, நிறுத்திவிடுவதாகச் சொல்லிக் கையெழுத்திட்டாள். கடன்பட்ட ஒருவர் இவ்வளவு கம்பீரமாக நின்று நான் கண்டதேயில்லை.

ரீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, எவரையும் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

எனக்கு முன்னால் நின்ற மனிதர், காசெடுக்க நிரப்பி வைத்திருந்த சிட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கவுண்டரை நோக்கி வழக்கம்போலக் குனிந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார்.

"தங்கச்சி, எனக்கும் உதே பிரச்சினைதான்" என்றார், சத்தமாக.