மேட்டுக்கு அந்தப் பக்கத்து வெயில்

மஹாத் அதுவரை தன் ஆயுளில் ஒரு கரீஃபைக்கூட அக்கா வீட்டில் கழித்ததில்லை. கரீஃப் என்றால் கடல் மூட்டம் மலையை மூடிக்கிடக்கும் தூறல் காலம். ஒட்டகக்காரர்கள் யாரும் கடல் பார்த்த சரிவில் கரீஃபைக் கழிக்க மாட்டார்கள். ஜூன் கடைசியில் கடலிலிருந்து முதல் மூட்டம் வந்து மலையைத் தொட்டதும் ஒட்டகங்களைக் கிளப்பிவிடுவார்கள். தூறலில் மண் வழுக்கும். சறுக்கி விழுந்து கால் பிளந்த ஒட்டகம் திரும்ப எழுந்திருக்காது. உச்சி மேட்டைத் தாண்டி நஜ்து என்கிற வறண்ட வெளிக்கு இறங்கிவிட்டால் கல்லும் வெயிலும்தான். மூட்டம் விலகி மலை பச்சையாய் வெளியே வந்த பிறகுதான் திரும்புவார்கள். மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் சரிவிலேயே இருப்பார்கள். மஹாதின் அக்கா துஃபூல் மாட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகும் மாடுகளை விடவில்லை.

நஜ்தில் முதன்முதலாக சோலார் தகட்டை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு திரிந்தவர் மஹாத்தான். தகட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது, தூசியை எப்போது துடைப்பது என்பதெல்லாம் அவராகவே பழகிக் கற்றது. "வெயிலைப் பத்தி மஹாதைக் கேளு" என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

துஃபூலுக்கு ஈரக்காற்று ஆகாது. கரீஃப் வந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மூச்சுக்கு மருந்துப்புகை கொடுக்கிற மிஷின் ஒன்றை டாக்டர் எழுதித் தந்தார். அவள் வீடு இருந்த ஒதுக்கத்துக்கு மின்கம்பி வரவில்லை. ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் அதன் புகையே அவளுக்கு இருமலைக் கிளப்பியது.

"டவுனுக்கு வந்துடும்மா" என்றான் சலாலாவில் வேலை பார்க்கும் மகன் பகீத்.

"உன் மூணாவது மாடியில என் மாடுங்களை எங்கடா கட்டுறது? லிஃப்டுலயா?"

"சிரிக்காத. மூச்சு விட முடியாம கிடந்தியே, மறந்துட்டியா?"

மஹாத் இடையில் புகுந்தார். "சோலார் போட்டுடலாம். நான் பொறுப்பு."

பகீத் மாமன் பக்கம் திரும்பினான். "சரி மாமா. வர்ற கரீஃப் முழுக்க மிஷின் ஓடினா அம்மா இங்கயே இருக்கட்டும். ஓடலன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் யாரும் பேசக் கூடாது."

தகடு மாட்ட வந்தவன் ஸஹ்ரான், நாட்டின் வடக்குப் பக்கத்துப் பையன், படித்தவன், இந்த மலைக்குப் புதியவன். பிப்ரவரி மாதம். மலை காய்ந்து பழுப்பாகக் கிடந்தது, வானத்தில் பொட்டு மேகமில்லை. துஃபூல் பால் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மாடுகளுக்குத் தீவனமாக மத்திக் கருவாட்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டா இங்க வெயிலுக்குக் குறையே இல்ல மாமா" என்றான் ஸஹ்ரான். "கரீஃப் மாசத்துலதான் எனக்குச் சந்தேகம். எங்கிட்ட இருக்கிற அளவு கீழ சமவெளியில எடுத்தது. இந்தச் சரிவுக்கு அதை நம்ப முடியாது. இங்க இருக்கிறவங்கதான் சொல்லணும்."

"மூட்டம் கீழ கிடக்கும்பா. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்காக. இவ்வளவு மேல அது நிக்காது, மத்தியானத்துக்குள்ள கலைஞ்சிடும். ஆகஸ்டுல எங்க இடத்துல கல்லு மேல உக்காந்து பாரு. எழுந்திரிக்கும்போது தோலு கல்லோட ஒட்டிக்கும்!"

ஸஹ்ரான் சிரித்தான். மஹாத் பொய் சொல்லவில்லை. ஆகஸ்டில் 'எங்க இடம்' என்றால் அவருக்கு அது நஜ்த்தான். ஒட்டகம் நிற்கிற இடம்தான் இடம். ஒவ்வொரு கரீஃபிலும் ஒருமுறையாவது உச்சி மேட்டில் வண்டியை நிறுத்தி, கீழே பஞ்சு விரித்தாற்போலக் கிடக்கும் மூட்டத்தைப் பார்த்திருக்கிறார். அக்கா வீடு அந்தப் பஞ்சுக்கு மேலேதான் இருக்கும் என்று எப்போதோ மனசில் குறித்துக்கொண்டார். இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை.

"மஹாத், போன கரீஃபுல துணி…" என்று ஆரம்பித்தாள் துஃபூல்.

"அக்கா, பையனுக்கு டீ ஆறுது பாரு."

அவள் நிறுத்திக்கொண்டாள். விருந்தாளி முன்னால் தம்பியின் வார்த்தையை வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்படின்னா இந்த பேட்டரியே போதும்" என்றான் ஸஹ்ரான்.

"தாராளம்" என்றார் மஹாத்.

ஜூலை நடுவில், நஜ்தில், வண்டிக் கதவைத் தொட்டால் கை சுடுகிற உச்சி வெயிலில் பகீதின் போன் வந்தது.

"மாமா, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். இப்பப் பரவாயில்ல. மிஷின் ராத்திரி பாதியில நின்னுடுச்சு."

"நின்னுச்சா? தகட்டைத் துடைச்சீங்களா?"

"துடைச்சா? தண்ணியா வழியுது மாமா. சூரியனைப் பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு."

"வெயில் இல்லையா? இங்க தரையில கால் வைக்க முடியல!"

"அங்கதானே மாமா" என்றான் பகீத். கோபப்படக்கூட இல்லை.

மஹாத் வண்டியை எடுத்தார். உச்சி மேடு வரை கண் கூசியது. மேட்டைத் தாண்டி ஒரு வளைவுதான் திரும்பினார், வெளிச்சம் அணைந்தது. விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இறங்கினார். அக்கா வீடு பஞ்சுக்கு மேலே இல்லை. அதன் நட்டநடுவில் இருந்தது. தகட்டின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

துஃபூல் டவுனுக்குப் போனாள். பேச்சு பேச்சுதான், யாரும் வாதாடவில்லை. மாடுகளைப் பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

மறுவருஷம் மஹாத் ஒட்டகங்களைப் பங்காளிகளோடு அனுப்பிவிட்டு அந்த வீட்டிலேயே தங்கினார். இன்னும் நாலு தகடு, கூடுதல் பேட்டரி, எல்லாம் மாட்டியாகிவிட்டது. "ஒட்டகத்தை விட்டுட்டு மூட்டத்துல உக்காந்து என்னய்யா பண்ணப் போற?" என்று பங்காளிகள் கேலி பண்ணினார்கள். ஒரு கரீஃப் முழுக்க இருந்து பார்த்துச் சொன்னால் அக்காவைத் திருப்பி அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்று பகீத் சொல்லியிருந்தான்.

மிஷின் மாதிரியே ஓடும் ஒரு சின்ன மோட்டாரை மாட்டிப் பார்த்தார். சில நாள் விடியும்வரை ஓடியது. மூட்டம் இறுகிய வாரங்களில் சாயங்காலம் தாண்டவில்லை. அக்காவின் மூச்சு இறுகுவதும் அதே வாரங்களில்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை துஃபூல் போன் பண்ணினாள். பின்னால் டவுன் வண்டிகளின் சத்தம்.

"மாடுங்க எப்படிடா இருக்கு?"

"கொழுத்துக் கிடக்குதுங்க. சாயங்காலம் ஆனா உன் வாசல்லதான் வந்து நிக்குது. நான்தான் விரட்டி அனுப்புறேன்."

"அடிக்காத." கொஞ்சம் இழுத்து மூச்சு வாங்கினாள். "வெயில் எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வாசலில், எதிரே இருந்த மரம் தெரியவில்லை.

"இல்லக்கா. போதாது."

அவள் போனைத் தள்ளிப் பிடித்து இருமினாள்.

"அக்கா, அன்னைக்குத் துணின்னு என்னமோ சொல்ல வந்தியே. என்னது அது?"

"அதுவா? அதுக்கு முந்தின கரீஃபுல துணி காயவே இல்லடா. மடிச்சு வெச்சதெல்லாம் பூசணம் பூத்துடுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

மஹாத் கொடியைப் பார்த்தார். போன வாரம் துவைத்துப் போட்ட அவருடைய தலைத்துண்டு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பிழிந்தார். தண்ணீர் வந்தது.