பாழாய்ப்போன இரண்டாம் பாகம்

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று. முதல் பாகத்தில் கசங்கிய சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கிய துப்பறிபவர், இதில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். அதற்கொரு பாட்டு வேறு.

நான் திரும்பிப் பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவரைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

இந்தப் படத்துக்கு நான் காத்திருந்தது அவருக்காகத்தான். இருதய ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து மனுசன் கதைப்பதையே விட்டுவிட்டார். இருதயம் நன்றாக வேலை செய்கிறது என்கிறார் டொக்டர். செய்யட்டும். "சோறு போடட்டோ?" என்றால் "ஓம்." "கறி உப்போ?" என்றால் "இல்லை." அவ்வளவுதான். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்தில் வானொலிச் செய்தியோடுகூட வாதாடியவர் இவர். மீன்காரனோடு வாதம், சாத்திரியோடு வாதம், என்னோடு சொல்லவே வேண்டாம். இந்த வாய் கொஞ்சம் மூடாதா என்று நான் கோயிலில் வேண்டாத நாள் இல்லை. மூடிய பிறகு எனக்கு வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது.

முதல் பாகம் வேறு மாதிரி. தடயங்களை எங்கள் கண் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்த படம் அது. கொலை நடக்கப்போவது அதில் வந்த காவலாளிக்கு முன்பே தெரியும் என்றார் இவர். தெரியாது என்றேன் நான். கிழமைக்கணக்காக அதே கதை. நிலாவெளிக்குக் கலியாண வீட்டுக்குப் போன பஸ்ஸிலும் விடவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மா, உண்மையிலேயே யாரோ செத்துவிட்டதாக நினைத்து அனுதாபம் சொன்னார். அந்த ஞாபகத்தில்தான், இரண்டாம் பாகம் வந்ததும் இதைவிட மருந்து இல்லையென்று மத்தியானக் காட்சிக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

மருந்து இப்படியா இருக்கும்? நியாயமாகச் சொல்வதென்றால் நல்லதும் இருந்தது. கச்சான் கடலை கொறித்துக்கொண்டே சாட்சிகளை விசாரிக்கும் பொலிஸ்காரியாக வந்த பெண் நன்றாக நடித்தாள். அவளை இடைவேளைக்கு முன்பே சாகடித்துவிட்டார்கள். மழையில் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சத்தமில்லாமல் காட்டிய இடம் அருமை; அந்த அமைதி பொறுக்காமல் உடனே மேளத்தை அடித்தார்கள். கொலைகாரன் படத்தில் வந்த டொக்டர்தான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். துப்பறிபவருக்கு மட்டும் தெரியவில்லை.

இடைவேளையில், "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார்.

எனக்கு அந்தப் படம் எடுத்தவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது.

கடைசியில் வந்தது அந்தக் கட்டம். கொலை நடந்த பின்னேரம் தான் கிழக்குக் கரைப் பட்டினமொன்றில் இருந்ததாக டொக்டர் ஒரு போட்டோவைக் காட்டுகிறான். பின்னால் கடல், கடலைத் தொட்டபடி சூரியன். துப்பறிபவர் சிரிக்கிறார். "கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. இது காலையில் எடுத்த படம்!"

தியேட்டர் முழுக்க ஊவென்று கூவியது. கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் திருகோணமலையில் வந்து சொல்லுகிற கதையா இது? இங்கே நகரத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். காலையில் கிழக்குக் கடலில் எழும்பும் சூரியன், பின்னேரம் உள் துறைமுகப் பக்கம் தண்ணீரில் விழுவதை எங்கள் வீட்டு வாசலில் நின்றே நான் நித்தமும் பார்க்கிறேன். "டேய், இஞ்ச வந்து பாரடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"துப்பறியிறவன் சொன்னது சரி."

யார் கதைத்தது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. என் கணவர் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன சரி?" என்றேன்.

"சரியெண்டால் சரி. நீர் ஏன் சிரிக்கிறீர்?"

மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், வழியில் மாடுகள்போலப் படுத்திருந்த ஊர் மான்களைச் சுற்றிக்கொண்டு, அவரை நேரே உள் துறைமுகக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்கோ. இது தண்ணியோ, தார் ரோட்டோ? சூரியன் எங்க போகுது?"

"மலைக்குப் பின்னால போகுது. நல்லாப் பாரும். அந்தப் போட்டோவில மலை இருந்ததோ? சூரியனுக்குக் கீழ வெறும் தண்ணி. அப்ப அது திறந்த கடல். அந்தக் கரையில திறந்த கடலெண்டா கிழக்கு. கிழக்கெண்டா காலமை. படம் குப்பைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த ஒரு இடத்தில மூளை இருக்கு. உமக்கு ஏன் அது விளங்கேல்லை?"

மூச்சு வாங்க நின்றார். கன்னம் சிவந்திருந்தது. நான் அக்கரையைப் பார்த்தேன். சூரியன் குன்றுகளுக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் பார்த்தும், தண்ணீரில் விழுவதாகவே நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சரி என்று வாயெடுத்தேன். சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும்.

"போட்டோவில மலை இருந்தது," என்றேன். "நான் கண்டனான்."

"மலையோ? எங்க கண்டனீர்?"

"இடப் பக்கத்து மூலையில. மங்கலாத் தெரிஞ்சது."

"ஒரு மண்ணும் தெரியேல்லை! உமக்குக் கண்ணும் போச்சு!" கையை ஓங்கித் துறைமுகத்தைப் பார்த்துக் கத்தினார். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கே திரும்பப் போவம். போய்ப் பாப்பம், மலை இருக்கோ இல்லையோ எண்டு. வருவீரோ?"

ஹெலிகொப்டர், கறுப்புக் கண்ணாடி, மேளம், பாட்டு, எல்லாவற்றையும் இன்னொரு தரம் பார்க்கவேண்டும்.

"ஓம்," என்றேன்.